தலைவர் இல்லாத நாளிலும் கடை திறக்க வேண்டும்



அரிப்புக் கடற்கரையில், மண்மேட்டின் மேல் இடிந்து நிற்கும் 'டொறிக்' மாளிகையை அறியாதவர் எம் பகுதியில் இல்லை. அதனை அல்லிராணி கோட்டை என்று சொல்பவர்களும் உண்டு. அல்லிராணி கதை பழைய கதை. இந்தக் கட்டடமோ 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இலங்கையின் முதலாவது ஆங்கிலேய ஆளுநரான பிரெடெறிக் நோர்த் முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்வதற்காகக் கட்டுவித்தது. இன்று கடல் அந்த மேட்டை அரித்துக்கொண்டே வருகின்றது. சுவர்கள் ஒவ்வொன்றாகச் சரிந்து கடற்கரையில் விழுந்து கிடக்கின்றன.

அந்த மாளிகையைக் காணும்போதெல்லாம் எமக்கு ஒரு கணக்கு நினைவுக்கு வரும். ஆங்கிலேயர் காலத்து முத்துக்குளிப்பில், கல்லைக் காலில் கட்டி ஆழ்கடலில் இறங்கியவர்களுக்கும் படகுக்காரர்களுக்கும் சேர்த்து மூன்றில் ஒரு பங்கு. கரையில் நின்ற அரசுக்கு மூன்றில் இரண்டு பங்கு. 1905ஆம் ஆண்டில் எட்டுக் கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் கரைசேர்ந்தன. அரசுக்குக் கிடைத்த வருமானம் 25 இலட்சம் ரூபாவுக்கும் அதிகம். அந்தச் செழிப்பைக் கண்டு, மறு ஆண்டு இலண்டனில் உருவான ஒரு கொம்பனி, ஆண்டுக்கு 3 இலட்சத்து 10 ஆயிரம் ரூபா வாடகையாகக் கொடுப்பதென ஒப்புக்கொண்டு, 20 ஆண்டுகளுக்கு இந்தப் பார்களைக் குத்தகைக்கு எடுத்தது. 1906இலும் 1907இலும் குளிப்பு நடந்தது. அதன்பின் பார்களில் குளிக்கத்தக்க சிப்பி இல்லை. கடல் கொடுக்க மறுத்தது. வாடகையோ ஆண்டுதோறும் கேட்டது. குத்தகைக் காலத்தின் பாதியைக்கூடக் காணாமல் அந்தக் கொம்பனி கலைந்து போயிற்று.

பணம் அவர்களிடம் இருந்தது. கற்ற நிபுணர்கள் இருந்தார்கள். அரசின் ஆதரவும் இருந்தது. ஆயினும் தொழில் நிலைக்கவில்லை. இந்தக் கதையை இன்று நாம் எடுப்பதற்கு ஒரு காரணம் உண்டு.

எமது நிலை

2007 செப்டெம்பரில் முசலிப் பகுதியிலிருந்து வெளியேறிய எம் குடும்பங்கள் நானாட்டான், முருங்கன், மன்னார் என்று சிதறி வாழ்ந்தன. அதற்கு முன்னரும் 1990 முதல் எத்தனை தடவை மூட்டை கட்டினோம் என்பது உங்களுக்குத் தெரியும். 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட எம் அயல் முஸ்லிம் மக்கள் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் தம் ஊர்களைக் காணவில்லை. 2009க்குப் பின் பலர் திரும்பினோம். திரும்ப முடியாமல் இன்னும் வெளியில் இருக்கும் குடும்பங்களும் உண்டு. முள்ளிக்குளத்து மக்களின் காணிக் கதை அதற்குச் சாட்சி.

திரும்பிய எம்மைத் தேடிப் பல நிறுவனங்கள் வந்தன. நாமும் அவற்றோடு சேர்ந்து உழைத்தோம். கமக்காரர் அமைப்பு, மாதர் சங்கம், மீனவர் சங்கம், சுயஉதவிக் குழு என்று அமைத்தோம். அரிசி ஆலை, மா அரைக்கும் இயந்திரம், தையல் நிலையம், கோழிப் பண்ணை என்று தொடங்கினோம். இன்று எம் கிராமங்களின் வழியே ஒரு தடவை சென்று பாருங்கள். பெயர்ப் பலகைகள் நிற்கின்றன. நன்கொடையாளரின் சின்னமும் திறந்துவைத்த நாளும் அழியாமல் இருக்கின்றன. கதவில் பூட்டுத் தொங்குகின்றது.

ஏன் என்று கேட்டால், "எங்கட சனத்துக்கு ஒற்றுமை இல்லை" என்பார்கள் சிலர். "வெளிநாட்டுக் காசு, அதுதான் நிலைக்கேல்லை" என்பார்கள் வேறு சிலர். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் எமது கருத்து வேறு. நாம் தொழிலை நடத்தத் தலைவர்களைத் தெரிவு செய்யவில்லை. விருந்தாளியை வரவேற்கத் தலைவர்களைத் தெரிவு செய்தோம். இந்தத் தவறில் பெரிய பங்கு எம்முடையது.

நாம் செய்த பிழை

ஒரு கிராமத்தில் மா அரைக்கும் ஆலை ஒன்றைத் தொடங்கியபோது, தலைவராக ஒருவரை முன்மொழியும்படி மக்கள் எம்மைக் கேட்டார்கள். நன்றாகப் பேசக்கூடிய ஒருவரின் பெயரைச் சொன்னோம். நல்ல மனிதர். கொழும்பிலிருந்து யார் வந்தாலும் தயங்காமல் விளக்கம் கொடுப்பார். கூட்ட அறிக்கையை அழகாக எழுதுவார். திறப்பு விழா சிறப்பாக நடந்தது.

ஏழாம் மாதம் இயந்திரத்தின் பட்டி அறுந்தது. புதியது வாங்கப் பெட்டியில் பணமில்லை. வருமானம் எங்கே போயிற்று? எவரும் களவெடுக்கவில்லை. உறவினருக்கு இலவசமாக அரைத்தார்கள்; சிலருக்குக் கடனுக்கு அரைத்தார்கள்; டீசலுக்குக் கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டு இல்லை. என்றைக்கு எவ்வளவு வந்தது என்று எங்கும் எழுதப்படவில்லை. தலைவருக்கு அது தெரியாது. ஏனென்றால் அவர் ஆலைக்குப் போவதே விருந்தாளி வரும் நாளில்தான். அந்த ஆலை இரண்டு ஆண்டுகள் பூட்டிக் கிடந்தது.

அதே காலத்தில், இடம்பெயர்ந்து நானாட்டான் பக்கத்தில் தங்கியிருந்த ஒரு தாயை நாம் அறிவோம். மூன்று பெண்களைச் சேர்த்துக்கொண்டு இடியப்பம் அவித்து விற்றார். எழுத வாசிக்க அதிகம் தெரியாது. சுவரில் கரிக்கட்டியால் கோடு இழுப்பார்: மாவுக்கு ஒரு வரிசை, விறகுக்கு ஒரு வரிசை, கடன் வாங்கிய வீட்டுக்கு ஒரு வரிசை. மாலையில் நால்வரும் அந்தக் கோடுகளுக்கு முன் இருந்து பணத்தைப் பிரிப்பார்கள். ஒரு நாள் அவருக்குக் காய்ச்சல். போய்ப் பார்த்தோம். படுக்கையில் இருந்தபடி, "பாதர், இண்டைக்கும் அடுப்பு எரியுது. பிள்ளையள் பாத்துக்கொள்ளுவினம்" என்றார்.

தலைமைத்துவப் பயிற்சி என்று நாம் நடத்திய எந்தக் கருத்தரங்குக்கும் அவரை அழைத்ததில்லை. எம் கண்ணுக்கு அவர் தலைவராகத் தெரியவில்லை.

நல்ல தலைவரின் பழக்கங்கள்

தொழிலை நன்கு நடத்தும் தலைவர் பிறப்பிலேயே அமைவதில்லை. வாய்ச்சாதுரியம், உயர்ந்த குடும்பம், பெரிய படிப்பு என்பனவும் அவரைத் தலைவராக்குவதில்லை. அவரை ஆக்குவது சில பழக்கங்கள். பழக்கம் என்றால் பழகக்கூடியது. நாம் கண்டதையும் பிற நாட்டு அனுபவங்களையும் சேர்த்துப் பார்க்கும்போது ஐந்து பழக்கங்கள் முக்கியமாகத் தோன்றுகின்றன.

முதலாவது, கணக்கைப் பலரும் பார்க்க வைத்திருத்தல். இந்தியாவின் குஜராத்தில் கேடா மாவட்டத்துப் பால்காரர்கள், பம்பாய்க்குப் பால் அனுப்பிய ஒரு தனியார் கொம்பனிக்கும் அதன் இடைத்தரகர்களுக்கும் கட்டுப்பட்டுக் கிடந்தார்கள். சொன்ன விலைக்குக் கொடுக்க வேண்டும். பால் புளித்துவிட்டது என்று தரகர் சொன்னால் மறுத்துப் பேச வழியில்லை. 1946இல் அவர்கள் பால் கொடுக்க மறுத்துப் போராடி, சொந்தமாகக் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். அதுவே பின்னர் 'அமுல்' என்று உலகறிந்தது. அதன் வெற்றிக்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால் கிராமத்தில் நடந்தது எளிமையானது. காலையும் மாலையும் ஒவ்வொருவரின் பாலும் எல்லார் முன்னிலையிலும் அளக்கப்பட்டது. கொழுப்பு எவ்வளவு என்று சோதிக்கப்பட்டது. அதற்கேற்பப் பணம் கொடுக்கப்பட்டது. ஒரு எருமை வைத்திருந்தவருக்கும் பத்து எருமை வைத்திருந்தவருக்கும் ஒரே அளவுகோல்.

எமது நெல் கொள்வனவை எண்ணிப் பாருங்கள். ஈரப்பதன் கூடுதல் என்று சொல்லி மூடைக்கு இத்தனை கிலோ கழிப்பது யார்? அந்தத் தராசு யாருடையது? சங்கம் ஒன்று தராசையும் ஈரப்பதமானியையும் சொந்தமாக வைத்து, விற்பவர் கண் முன்னே அளந்தால், அந்த ஒரு செயலே பாதி நம்பிக்கையைத் தேடித்தரும். கணக்கு நேர்மையாக இருந்தால் மட்டும் போதாது. நேர்மையாக இருப்பது எல்லாருக்கும் தெரியவும் வேண்டும்.

இரண்டாவது, தன்னைவிட அறிந்தவரைச் சேர்த்து, அவரை வேலை செய்ய விடுதல். கேடாவின் தலைவர் திரிபுவன்தாஸ் பட்டேல். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர். கமக்காரர் நம்பிய மனிதர். பால் இயந்திரங்களைப் பற்றி அவருக்குத் தெரியாது. 1949இல் ஆனந்த் நகரிலிருந்த அரசாங்கப் பாலாலைக்கு ஒரு இளம் பொறியியலாளர் வந்து சேர்ந்தார். கோழிக்கோட்டில் பிறந்து, சென்னை லொயோலாக் கல்லூரியிலும் கிண்டி பொறியியற் கல்லூரியிலும் கற்ற வர்கீஸ் குரியன் அவர். அந்த ஊரை விட்டுப் போவதற்கே நாள் பார்த்திருந்தார். அவரைத் தங்க வைத்தவர் திரிபுவன்தாஸ். தங்க வைத்ததோடு நிற்காமல், தொழில்நுட்ப விடயங்களில் தலையிடாமல் அவருக்குப் பொறுப்பைக் கொடுத்தார். கமக்காரரோடு பேசுவதும் அரசியல்வாதிகளின் தலையீட்டிலிருந்து சங்கத்தைக் காப்பதும் தமது வேலை என்று கொண்டார்.

எம்மிடையே என்ன நடக்கின்றது? கணக்குப் படித்த பிள்ளை ஒருத்தி ஊரில் இருப்பாள். அவளை முகாமையாளராக வைத்தால் தன் மதிப்புக் குறையும் என்று தலைவர் பயப்படுவார். அல்லது அவளை வைத்துவிட்டு, ஒவ்வொரு காசோலைக்கும் தன் வீட்டு வாசலில் காத்திருக்க வைப்பார். ஆறு மாதத்தில் அந்தப் பிள்ளை கொழும்புக் கடையில் வேலை தேடிப் போய்விடுவாள். பிறகு, "படிச்ச பிள்ளையள் ஊரில நிக்காதுகள்" என்று குறை சொல்வோம்.

மூன்றாவது, நட்டத்தை மறைக்காமல் சொல்லிப் பங்கிடுதல். 1959இல் பம்பாயின் கிர்காம் பகுதியில் ஏழு பெண்கள் 80 ரூபா கடன் வாங்கி அப்பளம் இடத் தொடங்கினார்கள். அதுவே 'லிஜ்ஜத்' நிறுவனம். இன்று நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அதன் பங்காளிகள். தொடக்கத்திலேயே ஒரு முடிவு எடுத்தார்கள்: நட்டம் வந்தாலும் எவரிடமும் நன்கொடை கேட்பதில்லை. இலாபம் வந்தால் எல்லாச் சகோதரிகளுக்கும் பங்கு. நட்டம் வந்தாலும் எல்லாருக்கும் பங்கு. ஆகவே மா கெட்டுப்போனால், அப்பளம் தடித்துப்போனால், அது முகாமையாளரின் கவலை மாத்திரமன்று, உருட்டும் ஒவ்வொரு கையின் கவலையுமாயிற்று.

நாமோ நட்டத்தை நிறுவனத்திடம் சொன்னால் அடுத்த உதவி வராது என்று மறைத்தோம். உறுப்பினரிடம் சொன்னால் கூட்டத்தில் சண்டை வரும் என்று மறைத்தோம். மறைத்த நட்டம் புண்போல உள்ளே பரவும். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரென நிறுத்தப்பட்டபோது விளைச்சல் விழுந்ததை நீங்கள் அனுபவித்தீர்கள். மறு ஆண்டு நாடே பொருளாதார நெருக்கடியில் தத்தளித்தது. டீசலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றோம். அது எவருடைய குற்றமும் இல்லாத நட்டம் என்று வெளிப்படையாகப் பேசி, இருந்ததைப் பங்கிட்ட குழுக்கள் உடையவில்லை. "பாக்கலாம், பாக்கலாம்" என்று தலைவர் நாட்களைக் கடத்திய குழுக்களில் இன்று ஒருவரோடொருவர் பேசுவதில்லை.

நான்காவது, நிச்சயமில்லாத வரவை நம்பி நிச்சயமான கடனை ஏற்காதிருத்தல். இலண்டன் கொம்பனியின் பாடம் இதுதான். சிப்பி ஒரு ஆண்டு வரும், பல ஆண்டுகள் வராது. இந்தக் கரையில் பரம்பரையாக வாழ்ந்தவர்களுக்கு அது புதிதன்று. ஆனால் வாடகையோ ஆண்டுதோறும் மாறாமல் எழுதப்பட்டது. நல்ல ஆண்டின் கணக்கை வைத்து இருபது ஆண்டுகளுக்கு வாக்குக் கொடுத்தார்கள்.

அதையேதான் நாம் லீசிங்கில் உழவு இயந்திரம் எடுக்கும்போது செய்கின்றோம். காலபோகம் நன்றாக விளைந்த ஆண்டில் கையெழுத்திடுகின்றோம். அடுத்த மாரி பிந்துகின்றது, அல்லது அறுவடை நேரத்தில் வெள்ளம் வருகின்றது. மாதத் தவணை பிந்துவதில்லை. நுண்நிதிக் கடன் எம் பெண்களை என்ன பாடு படுத்தியது என்பதையும் சொல்ல வேண்டியதில்லை. கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்கும் வசூலுக்கும், நாலு மாதத்துக்கு ஒரு தடவை வரும் நெல்லுக்கும் என்ன பொருத்தம்? 2018இல் வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பெற்ற நுண்கடன்களில் ஒரு பகுதியை அரசே தள்ளுபடி செய்ய வேண்டிய நிலை ஏற்பட்டது. நல்ல தலைவர் முதலில் கேட்கும் கேள்வி, "எவ்வளவு கடன் கிடைக்கும்?" என்பதன்று. "மிக மோசமான ஆண்டில் இதைக் கட்ட முடியுமா?" என்பதே. முடியாதென்றால், உறுப்பினர் எல்லாரும் கோபித்தாலும் "வேண்டாம்" என்று சொல்லும் துணிவு அவருக்கு வேண்டும்.

ஐந்தாவது, தான் இல்லாமல் நடக்கும்படி செய்தல். எம் கடலுக்கு அக்கரையில், தூத்துக்குடியில், 1906இல் வ. உ. சிதம்பரம்பிள்ளை சுதேசிக் கப்பற் கொம்பனியைத் தொடங்கினார். ஒரு பங்கு 25 ரூபா வீதம் 40,000 பங்குகள், பத்து இலட்சம் ரூபா மூலதனம் என்பது திட்டம். இரண்டு கப்பல்கள் வாங்கப்பட்டன. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஆங்கிலேயக் கொம்பனிக்குப் போட்டியாக அவை ஓடின. எதிராளி கட்டணத்தைக் குறைத்துப் பார்த்தான். மக்கள் சுதேசிக் கப்பலையே நாடினார்கள். 1908 மார்ச்சில் அரசு சிதம்பரம்பிள்ளையைச் சிறைப்படுத்தியது. அவரைப் போல் அந்தக் கொம்பனியைத் தாங்க வேறொருவர் இருக்கவில்லை. 1911இல் அது கலைக்கப்பட்டது. அந்தப் பெருமகனைக் குறை சொல்வதற்காக இதனை நாம் எழுதவில்லை. அவர் எதிர்த்து நின்றது ஒரு பேரரசை. ஆனால் ஒரு தோளில் மாத்திரம் தங்கியிருக்கும் தொழிலை வீழ்த்துவதற்கு, அந்தத் தோளை வீழ்த்தினால் போதும். போரையும் கைதையும் காணாமற்போதலையும் கண்ட எமக்கு இது விளங்காத விடயமன்று.

முன்னர் சொன்ன குரியன்கூட இதற்கு ஒரு சாட்சி. கேடாவில் திரிபுவன்தாஸ் 1970களின் தொடக்கத்தில் தாமாகவே பதவியைக் கையளித்து விலகினார். குரியனோ குஜராத் பால் சம்மேளனத்தின் தலைமையில் 33 ஆண்டுகள் இருந்து, 2006இல் கருத்து வேறுபாடுகளுக்கு மத்தியில் விலக நேர்ந்தது. ஒப்பற்ற சேவை செய்தவருக்கும், போகும் நேரத்தை அறிவது எளிதாக இருக்கவில்லை.

குருவானவரும் தலைமைப் பதவியும்

இங்கே எம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எம் கிராமங்களில் எந்தச் சங்கம் தொடங்கினாலும், "பாதர் தலைவராயிருந்தால் பிரச்சினை இல்லை" என்பார்கள். நாமும் மறுப்பதில்லை. காசோலையில் எமது கையெழுத்து, களஞ்சியத் திறப்பு எமது மேசையில். ஆயர் எம்மை வேறு பங்குக்கு மாற்றும்போது, சங்கமும் எம்மோடு கட்டிச் சாத்தப்படுகின்றது. நாம் மக்களுக்குச் செய்த உதவி என்று நினைத்தது, மக்கள் பழக வேண்டிய பழக்கத்தைப் பறித்ததாயிற்று.

ஸ்பெயின் நாட்டின் பாஸ்க் பகுதியில் மொந்திராகோன் என்றொரு சிற்றூர். உள்நாட்டுப் போர் முடிந்து இரண்டு ஆண்டுகளில், 1941இல், அரிஸ்மெந்தியாரியெத்தா என்னும் இளம் குருவானவர் அங்கே அனுப்பப்பட்டார். வறுமை, வேலையின்மை, போரில் எதிரெதிர்ப் பக்கம் நின்றவர்களின் கசப்பு. அவர் தொழிற்சாலை தொடங்கவில்லை. 1943இல் ஒரு சிறு தொழிற்கல்விக் கூடத்தைத் தொடங்கினார். பதின்மூன்று ஆண்டுகள் கற்பித்தார், பேசினார், காத்திருந்தார். 1956இல் அவரிடம் கற்ற ஐவர் எண்ணெய் அடுப்புச் செய்யும் பட்டறை ஒன்றைக் கூட்டுறவாகத் தொடங்கினார்கள். அது வளர்ந்து பல்லாயிரம் பேருக்கு வேலை கொடுக்கும் கூட்டுறவுக் குடும்பமாயிற்று. தொடக்கத்தில் மிக உயர்ந்த சம்பளம் மிகக் குறைந்ததன் மூன்று மடங்கைத் தாண்டக்கூடாது என்று விதி வைத்தார்கள். 1976இல் இறக்கும் வரை, அந்த நிறுவனங்களை நிருவகிக்கும் பதவி எதையும் அந்தக் குருவானவர் வகிக்கவில்லை. ஆலோசனை கேட்டால் சொன்னார், அவ்வளவே.

அங்கும் எல்லாம் வெற்றியாகவே முடிந்தது என்று எண்ணிவிட வேண்டாம். அந்த ஐவரின் பட்டறையிலிருந்து வளர்ந்த வீட்டு மின்சாதன நிறுவனம் 2013இல் கடனில் மூழ்கி வீழ்ந்தது. ஆனால் மற்றக் கூட்டுறவுகள் அதன் உறுப்பினர் பலருக்குத் தம்மிடம் இடம் கொடுத்தன. ஒரு தொழில் விழுந்தபோதும் மக்கள் விழாதிருந்தார்கள்.

எமது மண்ணிலும் முன்மாதிரி இல்லாமலில்லை. 1936இல் தொடங்கிய மூளாய் கூட்டுறவு வைத்தியசாலையை எண்ணிப் பாருங்கள். தனியொருவருடைய சொத்தாக இல்லாமல், ஊர் மக்கள் அங்கத்தவராகச் சேர்ந்து எழுப்பிய நிறுவனம் அது.

ஒரு மறுப்பு

"காணி இல்லாதவனுக்கு வியாபாரத் தலைமை பற்றிச் சொல்கின்றீர்களே" என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டும். நல்ல தலைவர் ஒருவர் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் சொல்லவில்லை. காணி திரும்ப வேண்டும். குளத்துக்கும் வாய்க்காலுக்கும் தண்ணீர் வர வேண்டும். நெல்லுக்கு நியாய விலை வேண்டும். இவை உரிமைகள். இவற்றை எந்த முயற்சியாளர் பயிற்சியும் ஈடுசெய்யாது. உங்கள் வறுமைக்கு உங்கள் பழக்கங்களே காரணம் என்று எவராவது சொன்னால், அவரை நம்பாதீர்கள்.

ஆயினும், காணிக்காகப் போராடுவதற்கும் கணக்கு வைத்திருக்கும் சங்கம் வேண்டும். சந்தையில் தனியாக நிற்கும் கமக்காரன் பேரம் பேச முடியாது. அத்துடன் இந்தப் பிரதேசத்தில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் பக்கம் பக்கமாக வாழ்கின்றோம். ஒரே குளத்துத் தண்ணீரில் விதைக்கின்றோம், ஒரே வீதியால் சந்தைக்குப் போகின்றோம். முப்பது ஆண்டுக் கசப்பைப் பேச்சால் மாத்திரம் ஆற்ற முடியாது. தராசு சரியாக இருந்தால், கொடுத்த வாக்குத் தவறாமல் இருந்தால், அயலவர் எம்மிடம் வருவார், நாமும் அவரிடம் போவோம். நேர்மையான வியாபாரம் சமாதானத்துக்கு ஒரு சிறு வழி.

தெரிவு செய்யும் நாளில்

ஆகவே, அடுத்த பொதுக்கூட்டத்தில் கை உயர்த்துவதற்கு முன், முன்மொழியப்பட்டவரைப் பற்றி இந்தக் கேள்விகளை உங்களுக்குள்ளே கேளுங்கள்.

அவர் தம் வீட்டுக் கடனை எப்படிக் கட்டுகின்றார்? தமக்குத் தெரியாததைத் "தெரியாது" என்று சொல்லி நாம் கேட்டதுண்டா? தம் பிழையை எவராவது எடுத்துச் சொன்னால், மறுநாளும் அவரோடு பேசுவாரா? சொந்த மச்சானுக்கும் அயல் வீட்டுக்காரனுக்கும் ஒரே விலை சொல்வாரா? விருந்தாளி வராத நாளில் அவரை எங்கே காணலாம்? அவர் ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தால், திறப்பு யார் கையில் இருக்கும்?

கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால், அவர் எவ்வளவு நல்லவராயினும் கையை உயர்த்தாதீர்கள். உதவித் தலைவர் ஒருவரையும் சேர்த்துத் தெரிவு செய்து, மூன்று ஆண்டில் பதவி மாறும் என்று யாப்பில் எழுதிய பின் உயர்த்துங்கள். கூட்டத்தின் பின்வரிசையில் பேசாமல் இருக்கும் பெண்களையும் ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். சுவரில் கரிக்கோடு இழுத்துக் கணக்கு வைத்தவர் அவர்களுள் ஒருவராக இருக்கலாம்.

நாமும் ஒரு வாக்குத் தருகின்றோம். எம்மிடம் இருக்கும் களஞ்சியத் திறப்புகளை இந்த ஆண்டு முடிவதற்குள் உங்கள் சங்கங்களிடம் கையளிப்போம். கேட்டால் ஆலோசனை சொல்வோம். தவறினால் கேளுங்கள்.